பிள்ளைகளின் தண்ணீர்க் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதி இளைஞர் கூட்டத்தில் பள்ளி மாணவர்கள் தங்கள் சுற்றுச்சூழல் ஆய்வுகளை விளக்கினார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர், தெருவாரியாக அடிபம்புத் தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் தெருப்பெயர், தேதி, சோப்பு நுரைத்ததா இல்லையா என்று எழுதி ஒட்டியிருந்தது. கடல் பக்கம் போகப்போக நுரை குறைந்தது. அரசலாறு கடலில் கலக்கும் கடைமடை நம் காரைக்கால். ஆற்றில் நன்னீர் குறைந்தால் கடல் உப்பு உள்ளே ஏறும்; உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. பெரியவர்கள் வாய்ப்பேச்சாகச் சொல்லிவந்ததை அந்தப் பிள்ளைகள் அளந்தே காட்டிவிட்டார்கள்.

1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளை இப்படித்தான் சொந்த ஊர்ப் பிரச்சினையை ஆராயச் சொல்கிறது. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஆய்வு அட்டைகள் பரணுக்குப் போய்விடுகின்றன. இதுதான் என் ஆதங்கம்.

இந்த உழைப்பு வீணாகாதிருக்க ஒரு வழி உண்டு. 2019இல் ‘நம் நீர்’ திட்டத்தில் காரைக்கால் மாவட்டக் குளங்கள் தூர்வாரப்பட்டன. அவற்றில் இன்று எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, வரத்து வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று மாதாமாதம் குறித்துவைக்க இந்தப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்? தருமபுரத்திலேயே தொடங்கலாம். ஒரு வகுப்பு எழுதிய குறிப்பேடு அடுத்த வகுப்பின் கைக்குப் போக வேண்டும். நான்கைந்து ஆண்டுக் கணக்கு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. மாவட்ட நிர்வாகமும் பொதுப்பணித் துறையும் அந்தக் குறிப்பேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தருமபுரம், காரைக்கால்.