எல்லை தாண்டி வரும் பழைய கார்

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. பழைய கார் வாங்க வேண்டும் என்றால் உடனே வேலூருக்கோ சென்னைக்கோ போன் போட்டுவிடுகிறோம். அங்கே மச்சானோ சித்தப்பா மகனோ இருப்பார். "இங்கே ஐம்பதாயிரம் குறைவு, வண்டி கண்ணாடி மாதிரி இருக்கிறது" என்பார். பலேனோ, ஐ20, போலோ, ஆல்ட்ராஸ் என்று 'பிரீமியம் ஹேட்ச்பேக்' வகையில் ஒன்றாக இருக்கும். ஐ20 இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது என்பதால் சொந்த ஊர்ப் பாசம் வேறு!

அந்த ஐம்பதாயிரம் மிச்சமாகாது என்பது என் கருத்து. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும். இங்கே ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பப் பெறலாம் என்பார்கள். அதற்காக அலைந்தவர் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வண்டிமேல் கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35 கையெழுத்தாகி ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயர் நீங்கியிருக்கிறதா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டும்.

வரியைவிட எனக்குப் பெரிய கவலை தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நம் திருப்பதியும் 2021 நவம்பரில் தண்ணீரில் மிதந்தது. ஆகவே உள்ளூர் வண்டி என்று கண்ணை மூடிக்கொள்வதற்கும் இல்லை. மூழ்கிய வண்டியைக் கழுவி, சீட் துணி மாற்றி, வாசனை தெளித்து நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? இன்றைய காரில் ஏர்பேக், பிரேக், ஸ்டீயரிங் எல்லாவற்றிலும் மின்சார இணைப்புகள். உள்ளே பாசி பிடித்தால் அது ஆறு மாதம் கழித்துத்தான் வேலையைக் காட்டும், அதுவும் பிள்ளைகளோடு நெடுஞ்சாலையில் போகும்போது.

ரயில் பெட்டிப் பராமரிப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். ஒவ்வொரு பெட்டியின் முனைச் சுவரிலும் எந்தப் பணிமனையில் எந்தத் தேதியில் முழுப் பராமரிப்பு நடந்தது, அடுத்து எப்போது வர வேண்டும் என்று எழுதியிருக்கும். பெயின்ட் பளபளப்பை யாரும் பார்ப்பதில்லை. காருக்கும் அப்படி ஒரு வரலாறு உண்டு, நாம் கேட்பதில்லை. சர்வீஸ் பதிவுகளில் ஒவ்வொரு முறையும் எழுதிய கிலோமீட்டரை வரிசையாகப் படியுங்கள். இடையில் எண் குறைந்திருந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். மீட்டர் முப்பதாயிரம் காட்ட, பிரேக் பெடல் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருந்தால் பெடலை நம்புங்கள். பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் பூஜ்யம் என்றால் ஏன் என்று கேளுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த நுனியில் சேற்றுக் கறை நிற்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அடியில் கை வையுங்கள். சீட்டின் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். பானெட் கீலின் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது, அதாவது அடி வாங்கிய வண்டி. டயரில் 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. எவ்வளவு பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டிய டயர்தான். இன்ஜின் ஆறியிருக்கும்போதே, காலையில் போய் ஸ்டார்ட் செய்யுங்கள். நீங்கள் வருமுன் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

ஓட்டிப் பார்க்க நமக்கு வாய்த்த இடம் வேறு யாருக்கும் இல்லை. உரிமையாளரையும் கூட்டிக்கொண்டு திருமலைக்குப் போங்கள். சுவாமி தரிசனமும் ஆயிற்று. நான்கு பேரோடு 1974இல் வந்த இரண்டாவது மலைப்பாதையில் ஏறும்போது இன்ஜின் மட்டும் அலறி வண்டி இழுக்காவிட்டால் கிளட்ச் போயிற்று. ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இன்னும் கவனம் வேண்டும், ரிப்பேர் செலவு மிக அதிகம். 1944ஆம் வருடத்துப் பழைய பாதையில் இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் அதிர்கிறதா என்று பாருங்கள். அதிர்ந்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம்.

ரூஃப் கண்ணாடி, பெரிய திரை, எட்டு ஸ்பீக்கர் இவற்றுக்காக நாற்பதாயிரம் கூடக் கேட்பார்கள். அந்தப் பணத்தில் நான்கு புது டயரும் ஒரு பேட்டரியும் வரும்.

விலை பேசும்போது இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, மேல்வரியும் போயிற்று. புது வண்டியே மலிந்த பிறகும், அன்று தாம் வாங்கிய விலையிலிருந்தே கழித்துக் கணக்கு சொல்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஷோரூமில் இன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு, அதிலிருந்து இறங்கி வாருங்கள்.