யார் கொட்டிய அழுக்கு?



வகுப்பில் மை கொட்டிக் கிடந்தால், "யார் கொட்டியது?" என்று ஆசிரியர் கேட்பார். கொட்டியவரே துடைக்க வேண்டும். ஆனால், நாற்பது பேரின் கால்களில் ஒட்டி வந்த மண்ணுக்கு யாரைக் கேட்பது?

அடையாற்றின் கதையும் இப்படித்தான். ஓர் ஆலை குழாய் வைத்து ஆற்றில் கழிவை விட்டால், கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கலாம். அதற்காகவே 1982-இல் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தது. அதன் தலைமை அலுவலகம் இருப்பதும் நம் கிண்டியில்தான்.

ஆனால், மழை பெய்யும்போது கிண்டியைப் பாருங்கள். கத்திப்பாரா மேம்பாலத்தில் சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த தூள், தொழிற்பேட்டைத் தெருப் புழுதி, பிளாஸ்டிக் பை, நாய், மாடுகளின் கழிவு எல்லாவற்றையும் மழை கழுவி வடிகாலில் தள்ளுகிறது. மழைநீர் வடிகாலில் வரும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. அப்படியே அடையாறு போன்ற நீர்நிலைகளில் கலக்கிறது. இந்த அழுக்குக்கு யார் மீது வழக்குப் போடுவது?

இங்கேதான் அரசுத் துறைகளின் ஒற்றுமை தேவை. தெருவைப் பெருக்குவதும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியின் வேலை. கழிவுநீர்க் குழாய் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. ஆறு, நீர்வளத் துறையைச் சேர்ந்தது. ஒரு வீட்டின் சாக்கடையை யாரோ மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டார்கள் என்று வையுங்கள். மாநகராட்சி அதை அடைத்துவிடும். ஆனால், அந்த வீட்டுக்குக் குடிநீர் வாரியம் முறையான கழிவுநீர் இணைப்பு கொடுக்காவிட்டால், நான்கே நாளில் அடைப்பு உடைக்கப்படும். "அது எங்கள் வேலை இல்லை" என்று ஒருவர் சொன்னாலும் போதும், எல்லோர் உழைப்பும் வீண்.

இத்துறைகளை ஒருங்கிணைக்கவே சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை இருக்கிறது. 2006-இல் அடையாறு பூங்காவுக்காகத் தொடங்கிய அமைப்பு, 2010-இல் இந்தப் பெயரையும் பெரிய பொறுப்பையும் பெற்றது. ஆனாலும் அடையாறு இன்னும் தெளியவில்லை. கைகள் இன்னும் இறுக்கமாகக் கோத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

அதில் உங்கள் கையும் ஒன்று. வாசல் குப்பையை வடிகாலுக்குள் தள்ளாதீர்கள். வடிகால் அடைத்திருந்தால், பெரியவர்களிடம் சொல்லி மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள்.

எல்லோரும் சேர்ந்து கொட்டியதை எல்லோரும் சேர்ந்துதானே துடைக்க வேண்டும்?