ஆபரேஷன் இலவசம், படுத்திருக்கும் நாளுக்கு யார் கூலி?

எங்கள் சேரியில் சித்தப்பா ஒருவர் இருக்கிறார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவர். ஆறு வருடமாக அவருக்கு வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. எலுமிச்சம்பழ அளவில் தொடங்கியது, பிறகு விரைவரை இறங்கிவிட்டது. காலையில் பழைய துண்டைக் கிழித்து இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டி, அதன்மேல் கைலி கட்டிக்கொண்டு மில்லுக்குப் போவார். இரவு மல்லாந்து படுத்து, கையால் மெல்ல அழுத்தி உள்ளே தள்ளுவார். எர்னியா, அதாவது குடலிறக்கம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அரசு மருத்துவமனையில் மூன்று முறை ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். மூன்று முறையும் அவர் போகவில்லை.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா தோழர்களே? படிப்பகத்தில் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டம் போட்டோம்! மருத்துவம் படிக்கும் நம் பிள்ளை ஒருவரை அழைத்து வந்து படம் காட்டிப் பேச வைத்தோம். சித்தப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தோம். எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"ஆபரேசன் சும்மாதான் பண்றாங்க, தெரியும் தம்பி. அப்பறம் ஒன்றரை மாசம் வெயிட்டு தூக்கக் கூடாதுங்குறாங்க. சீசன்ல ஒரு நாளைக்கு எழுநூறு வருது. ஞாயித்துக்கெழமைய விட்டுப்புடு, முப்பத்தாறு நாளு. நீங்கதான் படிச்ச புள்ளைங்களாச்சே, பெருக்கிச் சொல்லுங்க."

பெருக்கினோம். 25,200 ரூபாய். ஆஸ்பத்திரியில் கூட இருக்க சித்தி நடவுக்குப் போகாத நாட்களின் கூலி தனி. மில்லில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டால் அது இன்னொரு தனி.

அவரிடம் விழிப்புணர்வு இல்லை என்று நினைத்துப் போனவர்கள் நாங்கள். ஆறு வருடமாக அவர் இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் வெட்கப்பட்டது அவரல்ல.

நோயைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதிகமில்லை. தேய்ந்துபோன சைக்கிள் டயரில் டியூப் பிதுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றுச் சுவரின் தசை பலவீனமான இடத்தில் குடலோ கொழுப்போ அதே மாதிரி வெளியே பிதுங்குகிறது. தொடை இடுக்கில் வருவதுதான் அதிகம். தொப்புளில் வரும், பழைய ஆபரேஷன் தழும்பிலும் வரும். ஆண்களில் நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் எப்போதாவது தொடை இடுக்குக் குடலிறக்கம் வரக்கூடும் என்று மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. மாத்திரையால் குணமாகாது. பெல்ட் தற்காலிகமாகத் தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். நாட்பட்டால் ஒருநாள் பிதுங்கிய குடல் அந்தத் துவாரத்திலேயே மாட்டி நெரிபடும். ரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். புடைப்பு கல்லாக இறுகி, உள்ளே போக மறுத்து, வலியும் வாந்தியும் வந்துவிட்டால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே 108.

சுமை தூக்குவதால்தான் இது வருகிறதா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பிறவியிலேயே இருக்கும் பலவீனம், வயது, நாட்பட்ட இருமல், முக்கி மலம் கழிப்பது என்று காரணங்கள் பல. இதில் நாம் மிகைப்படுத்திப் பேசினால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். ஆனால் உள்ளே ஒரு ஓட்டை இருக்கிற உடம்பு வருடக்கணக்காக மூட்டை சுமந்தால் அந்த ஓட்டை பெரிதாகத்தான் செய்யும். மேசை வேலை பார்ப்பவருக்கு அதே நோய் வந்தால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய் தைத்துக்கொண்டு வருகிறார்.

யார் சுமக்கிறார்கள் என்று நம் வாசகர்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. செத்த மாட்டைச் சுமந்ததும், பிணக்குழி வெட்டியதும், ஊர்க்காரர் வீட்டு நெல்லைக் களத்திலிருந்து பத்தாயத்துக்குத் தூக்கிப் போட்டதும் யாருடைய தாத்தாக்கள்? லோடுமேன் சங்கங்களில் இன்றைக்கு எல்லாச் சாதியினரும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மூட்டையைத் தவிர வேறு வேலை கிடைக்காத தலைமுறைகள் எந்தத் தெருவில் அதிகம் என்று போய் எண்ணிப் பாருங்கள்.

சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1967-இல் ஒரு பரிந்துரை செய்தது. வளர்ந்த ஆண் ஒருவர் வழக்கமாகக் கையால் தூக்கிச் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அதே ஆண்டு வந்த அதிகபட்சச் சுமை உடன்படிக்கையை இந்தியா 2010-இல்தான் ஏற்றுக்கொண்டது. சித்தப்பா தூக்கும் நெல் மூட்டை 60 கிலோவுக்குக் குறையாது, சிலது 75.

சாதி இன்னொரு இடத்திலும் வந்து நிற்கிறது. இது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் நோய். நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லி, தொடை இடுக்கில் கை வைத்து, இருமச் சொல்ல வேண்டும். முதல் வருடம் சித்தப்பா போனது பக்கத்து டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்கு. அங்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, தொடாமலே வலி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவசரமா, சாதியா என்று எங்களால் நிரூபிக்க முடியாது. சித்தப்பாவுக்கு அதில் சந்தேகமே இல்லை.

சிகிச்சை என்னவோ எளிமையாகிக்கொண்டே வந்திருக்கிறது. இத்தாலிய மருத்துவர் பசினி 1880-களில் தசையின் இரு பக்கத்தையும் இழுத்துப் பிடித்துத் தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். இழுத்துத் தைத்த இடம் சிலருக்கு மறுபடி விட்டுப்போனது. 1980-களில் அமெரிக்க மருத்துவர் லிக்டென்ஸ்டைன் இழுக்காமல், பாலிப்ரோப்பிலீன் வலை ஒன்றை ஒட்டுப் போடுவது போல வைத்துத் தைத்தார். நோய் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் வலைக்கு விலை அதிகம், ஏழை நாடுகளால் வாங்க முடியாது என்றார்கள்.

அதற்குப் பதில் எங்கிருந்து வந்தது தெரியுமா? மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் தொண்டாயிச்சா என்ற சிற்றூரிலிருந்து. அங்கே அறுவை சிகிச்சை செய்துவந்த ரவீந்திரநாத் டோங்காவ்ன்கர் என்ற மருத்துவர், கொசுவலைத் துணியைத் துண்டாக்கி, முறையாகக் கிருமி நீக்கிப் பயன்படுத்தினார். வேறு சில ஊர்களின் மருத்துவர்களோடு சேர்ந்து செய்த முயற்சியின் முடிவுகளை 2003-இல் வெளியிட்டார். கொசுவலையை உடம்புக்குள் வைப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். பிறகு கிழக்கு உகாண்டாவில் 302 ஆண்களிடம் முறையான சோதனை நடந்தது. பாதிப் பேருக்குக் கொசுவலைத் துணி, பாதிப் பேருக்குக் கம்பெனி வலை. மரக்க ஊசி அந்த இடத்துக்கு மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், கொசுவலை வைத்தவர்களில் நோய் திரும்பியது ஒரே ஒருவருக்கு. கம்பெனி வலை வைத்தவர்களில் யாருக்கும் இல்லை. 2016-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வந்தது. நூறு டாலருக்கு மேல் விற்ற பொருளின் வேலையை ஏறக்குறைய ஒரு டாலர் துணி செய்துவிட்டது. (யாரும் வீட்டுக் கொசுவலையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். எந்தத் துணி, எவ்வளவு வெப்பத்தில் கிருமி நீக்குவது என்று அதற்குக் கணக்கு இருக்கிறது.)

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறோம்? மருத்துவரின் கை இருக்கிறது, வலை இருக்கிறது, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் கட்டணமும் இல்லை. இத்தனை இருந்தும் சித்தப்பா ஆறு வருடம் துண்டு கட்டிக்கொண்டு திரிந்தார். பாக்கியிருப்பது அந்த 36 நாள் கூலிதான். அதை யார் தருவது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லையா?

எழுதியிருக்கிறது, சிலருக்கு மட்டும். இ.எஸ்.ஐ. அட்டை உள்ள தொழிலாளி நோயில் படுத்தால் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அந்தத் திட்டத்துக்கு அடிப்படையான அடார்க்கர் அறிக்கை வந்தது 1944-இல். அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கையில் வைத்திருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். சட்டம் 1948-இல் வந்தது. நோயில் படுத்த தொழிலாளிக்குக் கூலி தர வேண்டும் என்ற நியாயம் இந்த நாட்டில் சட்டமாகி இத்தனை ஆண்டாகிறது. மில் பதிவேட்டில் ஏழு பேர் பெயர் இருக்கிறது. சித்தப்பா பெயர் அதில் இல்லை.

1923-இல் வந்த இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோய்களின் பட்டியல் இருந்தது. ஈயம், பாதரசம், கல்நார் தூசு எல்லாம் இருந்தன. குடலிறக்கம் இல்லை. உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் கல்விக்கு, திருமணத்துக்கு, மரணத்துக்கு உதவித்தொகை உண்டு. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும் நாளுக்குக் கூலி கிடையாது. செத்தால் பணம், பிழைக்கப் படுத்தால் இல்லை!

அரசுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்பவருக்குக் கூலி இழப்புக்காகவே ஒன்றிய அரசு 1981-லிருந்து பணம் கொடுத்துவருகிறது. நம் வீட்டில் பிள்ளை பிறப்பதைக் குறைக்க வேண்டியிருந்தபோது, ஆபரேஷனுக்குப் போனால் கூலி போகும் என்பது அவர்களுக்கு உடனே விளங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் இருக்கிறது. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய். நல்ல திட்டம், நம் அக்காமார் வாங்கியிருக்கிறார்கள். அதே வழியில் ஒரு குடலிறக்க நோயாளிக்கு ஆறு வாரக் கூலியை வங்கிக் கணக்கில் போட முடியாதா?

அக்காமார் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இதை ஆம்பளை நோய் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், எங்கள் கூட்டத்திலும் பெண்களைக் கூப்பிடவில்லை. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தழும்பு சரியாக ஆறும் முன்பே செங்கல் சுமக்கப் போகும் சித்தாள் அக்காவுக்கு அந்த இடத்திலேயே வயிறு பிதுங்கினால், பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் தொங்கும் என்று மாமியாரும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரியும் சொல்வார். தொடையின் மேல்பகுதியில் சிறிதாக வரும் ஒரு வகை பெண்களுக்கே அதிகம் வருகிறது. நெரிபடும் ஆபத்தும் அதில்தான் அதிகம். அடுத்த கூட்டத்தைப் பெண்களோடு, பெண் மருத்துவரை வைத்து நடத்த முடிவு செய்திருக்கிறோம்.

கல்லூரித் தோழர்கள் உடனே செய்யக்கூடியது உங்கள் தெருவில் ஒரு கணக்கெடுப்பு. துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர், தேதி வாங்கியும் ஆபரேஷனுக்குப் போகாதவர் எத்தனை பேர், ஏன் போகவில்லை. கேலிக்குப் பயந்து முதலில் சொல்ல மாட்டார்கள், பட்டப்பெயர் வைப்பதில் நம் ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. பொறுமையாகக் கேளுங்கள். சுமை தூக்கும்போதே சட்டென்று வலியும் புடைப்பும் வந்திருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எந்த வேலையில் எப்போது வந்தது என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வேலையின்போது நேர்ந்த காயம் என்று வழக்காட அந்த ஒரு வரி வேண்டும். வாரியத்திடம் ஓய்வுநாள் கூலி கேட்டு நாங்கள் மனு தயாரிக்கிறோம். உங்கள் கணக்கு வந்தால் அதோடு சேர்ப்போம்.

சித்தப்பாவுக்கு நாங்கள் பயந்தது போன கார்த்திகையில் நடந்துவிட்டது. இரவு இரண்டு மணிக்கு வலி. 108-இல் கொண்டுபோனோம். அரசு மருத்துவர்கள் விடிவதற்குள் வயிற்றைத் திறந்து, அழுகிய குடலில் ஒரு முழம் வெட்டியெடுத்து உயிரைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு நன்றி. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. இனி மூட்டையே தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுச் செலவுக்குச் சித்தி வட்டிக்கு வாங்கியது 30,000. அவர் அன்றைக்குக் கணக்குப் போட்டுச் சொன்ன தொகையைவிட அதிகம்.

அவர் மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு. தை பிறந்ததிலிருந்து அப்பாவின் இடத்தில் மூட்டை தூக்குகிறான். ஏப்ரலில் தேர்வு இருக்கிறது. எழுதுவதாகச் சொல்லியிருக்கிறான்.