சகோதரியின் பங்கு

தியானப் பகுதி: ஆதியாகமம் 31:14–16, எண்ணாகமம் 27:1–11



யாக்கோபின் சரித்திரத்தை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். பெத்தேலில் கண்ட ஏணியும் யாப்போக்கு ஆற்றங்கரையில் நடந்த போராட்டமும் நமது பிரசங்கங்களில் அடிக்கடி இடம்பெறுகின்றன. அவ்விரண்டுக்கும் இடையே, 31ஆம் அதிகாரத்தில், ராகேலும் லேயாளும் தங்கள் தகப்பனைக் குறித்துப் பேசும் மூன்று வசனங்களை மட்டும் ஏனோ விரைவாய்க் கடந்துவிடுகிறோம். ஊரை விட்டுப் புறப்படலாமா என்று யாக்கோபு கேட்கிறான். சகோதரிகள் சொல்லும் பதில் கசப்பானது. தகப்பன் வீட்டில் தங்களுக்கென்று இனி ஒன்றுமில்லை என்கிறார்கள். அவர் தங்களை வேற்று மனிதரைப்போல நடத்தினார், விலை பேசிக் கொடுத்தார், அந்தப் பணத்தையும் தாமே செலவழித்துவிட்டார் என்கிறார்கள். ஆண்டுக்கணக்காய் ஒருவரோடொருவர் போட்டியிட்ட இரு பெண்கள், திருமறையில் ஒரே குரலாய்ப் பேசுகிற இடம் இது.

அந்தக் கசப்பின் கனி அதே அதிகாரத்திலேயே வெளிப்படுகிறது. ராகேல் தகப்பனுடைய சுரூபங்களைத் திருடுகிறாள். தேடி வந்த தகப்பனின் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லுகிறாள். கடைசியில் அந்தக் குடும்பம் ஒரு கற்குவியலை எல்லையாக வைத்துப் பிரிகிறது. அந்த இடத்தின் பெயர் மிஸ்பா. (இந்தப் பெயரை நாம் பிரியாவிடைக் கூட்டங்களில் ஆசீர்வாதமாகப் பயன்படுத்துகிறோம். உண்மையில் அது, ஒருவரையொருவர் நம்பாத இருவர், நம் நடுவே தேவன் காவல் நிற்கட்டும் என்று சொல்லிக்கொண்ட எச்சரிக்கை.) மறுநாள் லாபான் தன் மகள்களை முத்தமிட்டுத் தன் ஊருக்குத் திரும்பினான். அதற்குப்பின் அந்தத் தகப்பனும் மகள்களும் சந்தித்ததாகத் திருமறை சொல்லவில்லை.

இந்த வாரம் இதை எழுதக் காரணம், நமது வீடுகளில் அடக்க ஆராதனைகளுக்குப் பின் நான் தொடர்ந்து காணும் ஒரு காரியம். தகப்பனார் மறைகிறார். நினைவு ஜெபம் முடிகிறது. வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதுதான், மணமாகிப் போன மகள்களின் பெயரும் அதில் வருகிறது என்பது குடும்பத்தாருக்கு நினைவுக்கு வருகிறது. உடனே தொலைபேசி அழைப்பு செல்கிறது: "ஒரு கையொப்பம்தான், வந்து போட்டுவிட்டுப் போ." சகோதரி வருகிறாள். சார்பதிவாளர் அலுவலகத்தில், தனக்குரிய பங்கை யாதொரு பிரதிபலனுமின்றிச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்ட தாளில், பல நேரங்களில் முழுவதும் வாசிக்காமலே, கையொப்பமிடுகிறாள். அந்தத் தாளுக்குப் பதிவுத்துறை வைத்திருக்கும் பெயர் விடுதலைப் பத்திரம். நமது பழைய திருமறை மொழிபெயர்ப்போ குடும்பச் சொத்தின் உரிமையைச் 'சுதந்தரம்' என்று அழைக்கிறது. விடுதலைப் பத்திரத்தின் மூலம் ஒரு பெண் தன் சுதந்தரத்தை இழக்கிறாள் என்று எழுத நேருகிற அவலத்தை என்னென்று சொல்வது!

மனமுவந்து விட்டுக்கொடுக்கிறவர்களும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வசதியாய் வாழும் அக்காள், கஷ்டப்படும் தம்பிக்குத் தன் பங்கைக் கொடுப்பது அன்பின் செயல். ஆனால், தன்னிடம் இருப்பது என்னவென்று அறிந்து, மறுக்கவும் உரிமையோடு இருந்து கொடுப்பதே கொடை. பெரும்பாலும் நடப்பது அப்படியல்ல. "பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும்" என்பதை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை; சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நாளை அவள் மகளின் திருமணத்தில் தாய்மாமனாக முன்னே நிற்க வேண்டியவர் யார்? கணவன் வீட்டில் ஒரு துன்பம் என்றால் அவள் எங்கே வந்து நிற்பாள்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பயந்தே அவள் பேனாவை எடுக்கிறாள். உறவைக் காத்துக்கொள்ளத் தன் உரிமையை விலையாகக் கொடுக்கிறாள். சகோதரப் பாசத்துக்கு ஒருவரிடம் மட்டும் விலை வாங்கும் வீட்டை அன்புள்ள வீடு என்று சொல்ல என்னால் முடியவில்லை.

நமது குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்களுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் வரை இந்த மண் திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே 1916இல் இயற்றப்பட்ட திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்து மகன்களுக்கே உரியது. மகளுக்கு உரியது ஸ்திரீதனம் மட்டுமே. அதுவும் மகனுடைய பங்கின் மதிப்பில் நாலில் ஒன்று, அல்லது ரூ.5,000, இவற்றில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுக்கப்பட்டிருந்தால், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கப்பட்டிருந்தாலே, அவளுக்கு வேறு உரிமை இல்லை. அசையாச் சொத்தில் விதவைக்குக் கிடைத்த உரிமையும் அவள் மரிக்கும்வரை அல்லது மறுமணம் செய்யும்வரை மட்டுமே. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமபங்கு கொடுக்கும் வழக்கமுடைய சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு அந்தச் சட்டமே விலக்கும் அளித்திருந்தது என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். சமபங்கு என்பது வெளியிலிருந்து வந்த புதுமை என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

அந்தச் சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றத்துக்குச் சென்றவர் கோட்டயத்தில் பள்ளி நடத்திவந்த மேரி ராய். உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் சமபங்கு கேட்டார் அவர். 1986 பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1951 ஏப்ரல் 1 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாதாகிவிட்டது என்றும், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றும் நீதிமன்றம் கூறியது. அதன்படி, உயில் எழுதாத ஒருவர் மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுச் சென்றால், மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லாருக்கும், மகன் மகள் என்ற வேறுபாடின்றிச் சமமாக. இந்தத் தீர்ப்புக்குக் கேரளத்தில் எதிர்ப்பு எழுந்த இடங்களில் சில பிரசங்க பீடங்களும் இருந்தன. மகள்களை விலக்கி உயில் எழுதிவையுங்கள் என்று பெற்றோருக்கு ஆலோசனை சொல்லப்பட்டது. திருச்சபை எந்தப் பக்கம் நிற்க வேண்டியிருந்ததோ அந்தப் பக்கம் நிற்கவில்லை என்று ஒரு போதகனாக நான் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

சட்டம் மாறி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. வழக்கம் மாறவில்லை என்றால், அது கற்பிக்கப்படும் இடம் வேறு என்றே பொருள். அது நமது வீடு. அத்தை கையொப்பமிட்டுவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு பேருந்து ஏறிப்போவதைப் பத்து வயதுச் சிறுவன் பார்க்கிறான். யாரும் அவனுக்கு எதையும் போதிப்பதில்லை; ஆயினும் அவன் கற்றுக்கொள்கிறான். யாருடைய சம்மதத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம், யாருடைய மௌனத்தைச் சம்மதமாக எண்ணிக்கொள்ளலாம் என்பதை அவன் பள்ளிக்கூடத்தில் படிப்பதில்லை. அவனே வளர்ந்து சபைக் கமிட்டியில் உட்காருகிறான், அலுவலகத்தில் அதிகாரியாகிறான், ஒருத்திக்குக் கணவனாகிறான். அவன் தங்கையும் அதே காட்சியைப் பார்க்கிறாள். இந்த வீட்டில் நான் விருந்தாளி என்று கற்றுக்கொள்கிறாள். பிற்காலத்தில் அவள் தன் கணவனிடம், "உங்கள் தங்கைக்கு எதற்குப் பங்கு? எனக்கு யார் கொடுத்தார்கள்?" என்று கேட்பதை நாம் பொறாமை என்கிறோம். எனக்கு அது ராகேலின் குரலாகவே கேட்கிறது.

இதன் விளைவு வீட்டுக்குள் நின்றுவிடுவதில்லை. நமக்கு அடுத்திருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் திருமணமான ஏறத்தாழ 500 பெண்களிடம் பிரதீப் பாண்டா, பீனா அகர்வால் ஆகிய இரு ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. நிலமோ வீடோ தம் பெயரில் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் திருமண வாழ்வில் அடி உதையை அனுபவித்திருந்தார்கள். நிலமும் வீடும் உடையவர்களில் அது 7 விழுக்காடு. சொத்து ஒன்றே இதற்கெல்லாம் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், போவதற்கு ஓர் இடம் உடையவள் என்று தெரிந்த பெண்ணின்மேல் கை ஓங்குவதற்கு முன் ஒருவன் யோசிக்கிறான் என்பது ஆய்வு இல்லாமலே நமக்குத் தெரியும். தகப்பன் மகளுக்கு எழுதிவைக்கும் பத்து சென்ட் நிலம் அவளுக்கு ஒரு மதிலாக நிற்கிறது. திருமண நாளில் நகையாகவும் ரொக்கமாகவும் கொடுப்பது அப்படி நிற்பதில்லை. அது பெரும்பாலும் அவள் கைக்கு வருவதே இல்லை. "கல்யாணத்துக்கே எல்லாம் செய்துவிட்டோமே" என்று சொல்லும் பெற்றோர், அந்தப் பணம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்க்கட்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டம் வரதட்சணையைத் தடைசெய்திருக்க, அதையே பங்குக்கு ஈடாகக் கணக்குக் காட்டுவது இரட்டைத் தவறு.

இன்னொரு வாதம் நியாயமானது: "அப்பா அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டது நான்தானே?" படுக்கையில் கிடந்த பெற்றோரை ஆண்டுக்கணக்காய்ப் பராமரித்தவருக்குக் கூடுதலாய்க் கொடுப்பது நீதியே. ஆனால் அதைப் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லி எழுத வேண்டும். அந்தப் பராமரிப்பில் பெரும்பகுதியைச் செய்தது மருமகள் என்பதையும் அப்போது சொல்லட்டும். அவளுடைய பெயர் எந்தப் பத்திரத்திலும் வருவதில்லை.

லூக்கா 12:13–15ஐ எடுத்துக்காட்டி, பங்கு கேட்பது பொருளாசை என்று சகோதரிகளின் வாயை அடைக்கிறவர்களும் உண்டு. அந்தப் பகுதியைப் பொறுமையாய் வாசியுங்கள். சுதந்தரத்தைப் பங்கிடும்படி தன் சகோதரனுக்குச் சொல்லுமாறு ஒருவன் கேட்கிறான். ஆண்டவர் நடுவராக இருக்க மறுக்கிறார். பின்பு கூடியிருந்தோர் அனைவரையும் நோக்கிப் பொருளாசையைக் குறித்து எச்சரிக்கிறார். கேட்டவனுக்கு மட்டுமல்ல, கொடுக்காமல் வைத்திருந்தவனுக்கும் அந்த எச்சரிக்கை உரியது. அடுத்து அவர் சொன்ன உவமை எதையும் கேட்டவனைப் பற்றியதல்ல. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டி, எல்லாவற்றையும் தனக்கே சேர்த்துவைத்தவனைப் பற்றியது.

செலொப்பியாத்தின் மகள்கள் ஐவரையும் நினைத்துப் பாருங்கள்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பனுக்கு ஆண் பிள்ளை இல்லாததால் அவர் பெயர் அற்றுப்போக வேண்டுமா என்று, மோசேக்கும் ஆசாரியனுக்கும் பிரபுக்களுக்கும் சபையார் அனைவருக்கும் முன்பாக வந்து நின்று கேட்டார்கள். மோசே அதைத் தேவனிடத்தில் கொண்டுபோனார். அவர்கள் கேட்டது சரியென்று தேவனே தீர்ப்பளித்தார். அங்கே பெண்களுக்குப் பங்கு கிடைத்தது சகோதரர் இல்லாதபடியால்தான் என்பது உண்மை. ஆனால் யோபின் புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்கு வாருங்கள். அவருக்கு ஏழு மகன்கள் இருந்தும், மூன்று மகள்களுக்கும் சகோதரர் நடுவிலே சுதந்தரம் கொடுத்தார். மகன்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்ற மகள்களின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. பெரும் துயரத்தைக் கடந்துவந்த ஒரு தகப்பன், தன் வீட்டை இரண்டாம் முறை கட்டும்போது இப்படிக் கட்டினார்.

யோசுவா 17ஆம் அதிகாரத்தில் அந்த ஐவரும் மீண்டும் வருகிறார்கள். மோசே இறந்துவிட்டார், தேசம் பங்கிடப்படுகிறது. தேவன் ஏற்கெனவே கட்டளையிட்ட பங்கை, எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்பாக அவர்கள் மறுபடியும் நின்று நினைவுபடுத்த வேண்டியிருந்தது. நினைவுபடுத்தினார்கள், பெற்றுக்கொண்டார்கள். கட்டளை பிறந்த பின்னும் பெண்களே வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கும் வழக்கம் அன்றும் இருந்தது போலும்.

நமது சபையில் யாரும் கேட்கும்வரை காத்திராதிருப்போம். சகோதரர்களே, தகப்பனாரின் நிலம் இன்னும் பிரிக்கப்படாதிருந்தால், நீங்களே சகோதரியின் வீட்டுக்குப் போய், கணக்கை அவள் முன் வையுங்கள். விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் கேட்கும்முன், அதை அவளிடம் கொடுத்து, ஒரு வாரம் அவள் கையில் இருக்க விடுங்கள். வயதான பெற்றோரே, நம் சட்டத்தில் உயில் எழுதுவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆகையால் அது உங்கள் மனச்சாட்சியின் காரியமாகவும் இருக்கிறது. உயிலைக் குறித்து விளக்கம் வேண்டுவோர் வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் என்னைச் சந்திக்கலாம். நமது சபையின் வழக்கறிஞர் ஒருவரும் உடனிருப்பார். வரும்போது மகள்களையும் அழைத்து வாருங்கள்.