3+4-ம் 4+3-ம் ஒண்ணா?

ரெண்டாம் கிளாஸ் வாண்டுகூட 3+4, 4+3 ரெண்டுமே 7-ன்னு சொல்லிடும். ஆனா, புரோஸ்டேட் கேன்சர் ரிப்போர்ட்ல இந்தக் கணக்கு செல்லாது! பெரும்பாலும் வயசானவங்களுக்கு வர்ற நோய் இது. ஹார்பர்ல ரிட்டையர் ஆன தாத்தா, 'நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே'ன்னு ரிப்போர்ட்டை நம்ம கையிலதான் கொடுப்பார்.

1966-ல அமெரிக்காவின் மினியாபொலிஸ்ல டொனால்ட் க்ளீசன்னு ஒரு டாக்டர் இந்த எண்களைக் கொண்டு வந்தார். அவர் தனித்தனி செல்லைப் பார்க்கலை. சுரப்பிகள் எந்த வடிவத்துல வளர்ந்திருக்குன்னு பார்த்து, 1-லேர்ந்து 5 வரை எண் போட்டார். (1, 2 இப்போ கிட்டத்தட்ட ரிட்டையர் ஆயாச்சு.) 3-ன்னா சுரப்பிகள் தனித்தனியாத் தெரியும். 4-ல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், சில இடத்துல சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்கும். நம்ம தூத்துக்குடி முத்துக்குளிப்புல முத்தைத் தரம் பிரிக்கப் பித்தளைச் சல்லடை வெச்சிருந்தாங்க. இங்கே சல்லடை தெரிஞ்சாலே கெட்ட தரம்! 5-ல சுரப்பிங்கிற வடிவமே காணாமப் போயிடும்.

அதிகமா இருக்கிற வடிவம் முதல் எண், அடுத்தது ரெண்டாவது எண். ஆக, 4+3-ல மோசமானதுதான் மெஜாரிட்டி.

2014-ல உலக நிபுணர்கள் கூடி இதை 5 குரூப்பா பிரிச்சாங்க. ஆபரேஷன் செஞ்ச 20,000 பேருக்கு மேல ஆராய்ஞ்சு 2016-ல வந்த முடிவு இது. 5 வருஷம் வரை நோய் திரும்பாம இருந்தவங்க, முதல் குரூப்ல 96 சதவிகிதம். 3+4-க்கு 88. 4+3-க்கு 63! கூட்டுத்தொகை 8-க்கு 48. 9, 10-க்கு வெறும் 26.

26-ன்னு பார்த்ததும் பதறாதீங்க. மீதிப் பேர் இறந்துட்டாங்கன்னு அர்த்தமில்லை. சுரப்பியை எடுத்த பிறகு ரத்தத்துல பி.எஸ்.ஏ. அளவு கிட்டத்தட்ட பூஜ்யமாகணும். அது 0.2-ஐத் தொட்டாலே 'திரும்பிடுச்சு'ன்னு கணக்கு. அதுக்கப்புறமும் ரேடியேஷன், ஹார்மோன் சிகிச்சைன்னு வழி இருக்கு. பல வருஷம் வாழறவங்க நிறைய. ஆனா, பி.எஸ்.ஏ. டெஸ்ட்டை மட்டும் தவணை தவறாம எடுத்தாகணும்.

இன்னொண்ணு... பயாப்ஸியில ஊசி குத்துன இடம் மட்டும்தான் தெரியும். ஆபரேஷனுக்கு அப்புறம் முழுச் சுரப்பியையும் பார்த்துப் புதுசா எண் போடுவாங்க. 3+4 அங்கே 4+3-ஆ மாறலாம், உல்ட்டாவாவும் நடக்கும். டாக்டர் 'ஸ்கோர் 7'-ன்னு சொன்னா, 'எது சார் முன்னாடி?'ன்னு கேட்டுடுங்க!