கடைசி பெஞ்சும் கைக்கயிறும்

நம் வட்டத்தில் சினிமா பேசுகிறவர்களிடையே ஒரு புலம்பல் தொடர்ந்து கேட்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடப் படங்களில் வருகிற பிள்ளைகள் எல்லாம் அச்சு வார்ப்புகள். முதல் பெஞ்சுக் கண்ணாடி, கடைசி பெஞ்சு ரௌடி, தின்றுகொண்டே இருக்கும் குண்டன், இரட்டைச் சடைக் கதாநாயகி, இவர்களைத் தாண்டித் தனிமனிதன் என்று ஒருவனும் இல்லை என்கிறார்கள். உடனே கையில் எடுப்பது ஜான் ஹ்யூஸின் 'தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்' (1985). வகைமாதிரியை உடைத்து உள்ளேயிருந்து மனிதனை எப்படி வெளியே எடுக்கிறார் பாருங்கள் என்று உபதேசம். புலம்பலில் பாதி உண்மை இருக்கிறது. மருந்துதான் போலி.

அந்தப் படத்தில் நடப்பது என்ன? தண்டனையாக ஒரு சனிக்கிழமை பள்ளி நூலகத்தில் ஐந்து பேர் அடைபடுகிறார்கள். படிப்பாளி, விளையாட்டு வீரன், கிறுக்கு, இளவரசி, குற்றவாளி. மாலைக்குள் பேசி, அழுது, எங்களை இப்படிப் பார்க்காதீர்கள் என்று ஒரு கடிதமும் எழுதிவைத்துவிட்டுப் போகிறார்கள். சரி. ஆனால் யாரோடும் ஒட்டாமல், தான் வரைந்த படத்தின்மேல் தன் தலைப்பொடுகையே உதிர்த்துப் பனியாக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் என்ன ஆனாள்? இளவரசி அவளை உட்காரவைத்துத் தலைவாரி, முகத்துக்குப் பூசிவிடுகிறாள். விளையாட்டு வீரன் அதற்குப் பிறகு அவளைக் கண்கொட்டாமல் பார்க்கிறான். ஐவரில் எந்த அச்சிலும் அடங்காதவள் அவள் ஒருத்தி. அவளைத்தான் சீவிச் சிங்காரித்து அச்சில் போடுகிறது படம். இதைத் தனித்துவத்துக்கு இலக்கணமாகக் கொள்ளும் சௌகரியம் எனக்கில்லை.

ஹ்யூஸுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கலாம். அவர் எடுத்துக்கொண்ட பட்டங்கள் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சூட்டிக்கொள்பவை. நம் படங்களின் பட்டங்கள் ஸ்டுடியோவில் பிறந்தவை. நான் திருப்பரங்குன்றத்துக்காரன். பெரியார் நிலையத்திலிருந்து காலையில் வரும் பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கும் பையன்களின் மணிக்கட்டைப் பார்த்தால் போதும். கோயில் ஊர் என்பதால் சாமிக் கயிறு உண்டு. வேறு கயிறும் உண்டு. எந்த நிறம் எந்தத் தெரு என்பது பையன்களுக்கு மனப்பாடம். வாத்தியார்களுக்கும் தெரியும், தெரியாததுபோல இருப்பார்கள். 2019-இல் பள்ளிக் கல்வித்துறையே இந்த நிறக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு வந்ததும் அமைச்சரே அதிலிருந்து விலகிக்கொண்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் பன்னிரண்டாம் வகுப்பு, நன்றாகப் படிக்கிறவன். சினிமாக் கணக்கில் முதல் பெஞ்சு. அந்தக் கணக்கு அங்கே எதற்கு உதவியது? அதற்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் பள்ளியில் தடுக்கவேண்டும் என்று 2024-இல் அறிக்கை தந்தது. ஒரு நீதிபதியின் அறிக்கையில் இருக்கிற கண் நம் பள்ளிப் படங்களில் இல்லை.

ஆகவே என் வாதம் நண்பர்களுடையதற்கு நேர் எதிர். நம் படங்களில் வகைமாதிரி மிகுந்துபோகவில்லை. உண்மையான வகைமாதிரி வரவே இல்லை. எதிலிருந்து பிய்த்துக்கொண்டு ஒருவன் தனியாளாக வேண்டுமோ அதைக் காட்டாமல், தனியாளை மட்டும் காட்டு என்றால் எங்கிருந்து காட்டுவது? காதலைக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். 'பன்னீர் புஷ்பங்கள்' (1981) ஊட்டிக்கு ஏறிப்போய்விட்டது. பனியில் கயிறு தெரியாது. 'துள்ளுவதோ இளமை' (2002) பெற்றோர்மேல் பழியைப் போட்டுப் பிள்ளைகளை வீட்டைவிட்டு ஓடவைத்தது. 'சாட்டை' (2012), 'ராட்சசி' (2019) இரண்டிலும் முகம் உள்ள ஆள் ஆசிரியர்தான். மாணவர்கள் திருந்துவதற்காகக் கூட்டிவரப்பட்ட கும்பல்.

மதுரையை எடுத்த 'காதல்' (2004) பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். சீருடைப் பெண், ஸ்கூட்டர் மெக்கானிக், அவர்களைப் பிரிக்கும் சாதி. தெய்வானையைத் தகப்பன் பார்த்துக் கட்டிக்கொடுத்த ஊர் எங்களுடையது. வள்ளியின் வழி இங்கே எடுபடாது என்பதைப் பாலாஜி சக்திவேல் தயங்காமல் சொன்னார். பட்டறையும் வீதியும் வீட்டு முற்றமும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் அவள் படிக்கிற வகுப்பறை மட்டும் வெறும் பின்னணி. சாதி வாசற்படியோடு நின்றுவிட்டது, பள்ளிக்குள் நுழையவில்லை என்கிற மயக்கத்தை இவ்வளவு கூர்மையான படமும் கலைக்கவில்லை.

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) இந்த இடத்தில் வேறுபடுகிறது. சிவனணைந்தான் எந்தத் தெருப் பையன் என்று படம் மறைக்கவில்லை. வாழைத்தார் சுமப்பது அவனுக்கு விதிக்கப்பட்டது. அதை வெறுப்பதும், டீச்சர்மேல் ஆசை வைப்பதும், ரஜினிக்காகச் சண்டை போடுவதும் அவனுடையவை. சுமையைக் காட்டிய பிறகுதான் அந்தத் தோள் யாருடையது என்று தெரிகிறது. கடைசியில் விபத்தின் துயரம் வந்து அவனையும் விழுங்கிவிடுகிறது என்பது வேறு விஷயம். அதை விரிவாகவே பேசலாம்.

சினிமாக்காரர்களை மட்டும் சொல்லி என்ன? நாம் அச்சிடுகிற கவிதைகளில் தனிமையில் வாடுகிற அந்த 'நான்' எந்தப் பள்ளியில் படித்தான்? அவன் மணிக்கட்டில் என்ன கட்டியிருந்தது? அடுத்த கூட்டத்துக்கு ஹ்யூஸைத் தூக்கிவருகிற நண்பர்கள் இதற்கும் பதில் கொண்டுவரட்டும்.