வரிக்கு எதிரான முறையீடு எந்த மொழியில்?

1978 ஜூனில் கலிபோர்னிய வாக்காளர்கள் 13ஆம் முன்மொழிவை நிறைவேற்றிச் சொத்து வரியை மதிப்பில் 1 விழுக்காட்டுக்குள்ளும், மதிப்பீட்டின் ஆண்டு உயர்வை 2 விழுக்காட்டுக்குள்ளும் அடக்கினர். நன்றோ தீதோ, அது அவர்கள் வாக்கால் எடுத்த முடிவு. அந்தமானில் பொதுவாக்கெடுப்பு இருக்கட்டும், சட்டமன்றமே கிடையாது. வரி விதிக்கும் அதிகாரத்தை நகராட்சிக்குத் தந்த 1994ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, அரசமைப்பின் 240ஆம் உறுப்பின்கீழ்க் குடியரசுத் தலைவர் பிறப்பித்தது. ஆகவே தீவுவாசியின் கையில் எஞ்சுவது மதிப்பீட்டை எதிர்க்கும் மேல்முறையீடு ஒன்றே.

அதுவும் இயல்புரிமை அன்று. வரியைக் கட்டிவிட்டுத்தான் முறையிட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என 1975இல் அனந்த் மில்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இது எழுதப்பட்ட நிபந்தனை. எழுதப்படாத நிபந்தனை ஒன்றும் உண்டு: மொழி.

2011 கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. வங்காளம், இந்திக்கு அடுத்த நிலையில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். ஆட்சிமொழிகளோ இந்தியும் ஆங்கிலமும். 350ஆம் உறுப்பு எவரும் தம் குறையை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அதிகாரிக்கு எழுதித் தர இடமளிக்கிறது. மறுமொழி அம்மொழியில் வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. தன் வீட்டின் பரப்பும் மதிப்பும் எவ்வாறு கணக்கிடப்பட்டன என்பதையே படிக்க இயலாதவர் எதை எதிர்த்து எழுதுவார்?

'வழக்கறிஞரிடம் போகட்டும்' என்பார்கள். ஈரறை வீட்டின் வரியைக் குறைக்க, அவ்வரியினும் மிகுந்த கட்டணம் தருவது யார்?

2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜய புரம் எனப் பெயரிட்டபோது சோழர் கடற்படைத்தளம் நினைவுகூரப்பட்டது. (சோழர் வென்ற நாட்டின் பெயரையே சூட்டியது வேறு கதை.) சோழரின் மொழி பெருமிதத்துக்கு ஆகுமாம், வரி அறிவிப்புக்கு ஆகாதாம்.

மொழியியலாளராகிய நம்மிடமும் கேள்வி உண்டு. பெரிய அந்தமானிய மொழிகளின் அழிவுக்காகக் கருத்தரங்கம் கூட்டுகிறோம், கூட்டவும் வேண்டும். ஆனால் உயிரோடிருக்கும் மொழியினர் அலுவலக வாயிலில் ஊமையாக்கப்படுவது நம் ஆய்வுப்பொருள் ஆவதில்லை. மக்களில் கணிசமானோர் கோரினால் அவர்தம் மொழிக்கு அரசேற்பு அளிக்கப் பணிக்கும் அதிகாரத்தை 347ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கே தருகிறது. அக்கோரிக்கையை எழுதுவோம், மதிப்பீட்டு அறிவிப்பு, கணக்கீட்டுத் தாள், மேல்முறையீட்டுப் படிவம் மூன்றையும் தமிழிலும் வங்காளத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் நிக்கோபாரியிலும் பெயர்த்து அதனோடு இணைப்போம். பெயர்க்கத் தெரிந்தவர்கள் நம் துறைகளில்தான் இருக்கிறார்கள்.